நீல விளக்குல ஜொலிச்ச பவளம்

மக்களே, இன்னைக்கு மருந்து மாத்திரை பேச்சு இல்ல. என் வீட்டு மீன்தொட்டியில நானே பண்ணின ஒரு கொலையைப் பத்தின த்ரெட்.

இங்கிலாந்துல குழந்தைகள் டாக்டரா இருக்கேன். இங்கே உயிருள்ள பவளத்தைத் துண்டு துண்டா கடையிலயே விப்பாங்க. (ஊர்ல இருக்கிறவங்க ஆசைப்படாதீங்க. கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, வெச்சிருந்தாலே ஜெயில்.)

நான் வாங்கிட்டு வந்த ரெண்டு துண்டும் கடையில பச்சையா மின்னுச்சு. வீட்டு வெள்ளை லைட்டுக்கு அடியில ரெண்டும் வெறும் பழுப்பு. ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் உறைச்சது. கண்ணுல நகம் கீறிக்கிட்டு வர்ற குழந்தைக்கு ஃப்ளோரசீன்னு ஒரு ஆரஞ்சு சாயம் விட்டு, நீல லைட் அடிச்சுப் பார்ப்போம். கீறின இடம் மட்டும் பச்சையா மின்னும். பவளத்தோட உடம்புலயும் அதே மாதிரி நீலத்தை வாங்கிப் பச்சையாவோ சிவப்பாவோ திருப்பித் தர்ற புரதம் இருக்கு. 1999-ல ரஷ்ய விஞ்ஞானிகள் இப்படி ஒரு சிவப்புப் புரதத்தை டிஸ்கோசோமாங்கிற பவள வகையில கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு செல் ஆராய்ச்சியில அது பெரிய கருவி.

ஆக, விளக்கு கலர் பூசுறதில்ல. இருக்கிறதைக் காட்டுது, அவ்வளவுதான். ரீஃப் லைட் நூத்துக்கணக்கான பவுண்டு ஆகும். பழைய லைட்டோட சேர்த்து 450 நானோமீட்டர் பக்கம் வர்ற ராயல் ப்ளூ எல்இடி பட்டை ஒண்ணு மாட்டினேன். முப்பது பவுண்டுக்குள்ள முடிஞ்சது.

முதல் நாளே முழு வெளிச்சம், 10 மணி நேரம். வாரம் போகப் போக முன்னைவிடப் பளிச்சுன்னு ஜொலிச்சுது. போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், ஒரே பாராட்டு.

ஒருநாள் நீலத்தை அணைச்சுட்டு வெள்ளை லைட் மட்டும் போட்டேன். ரெண்டும் எலும்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. பவளத்துக்குச் சோறு போடுறதே அதுக்குள்ள வாழ்ற பாசிதான். அந்தப் பழுப்பு நிறமும் பாசியோடதுதான். வெளிச்சம் தாங்காம பாசி வெளியேறிடுச்சு. மறைக்க ஆள் இல்லாததால புரதம் கூடுதலா மின்னியிருக்கு. நான் ரசிச்சது அது பட்டினி கிடந்ததை.

காமாலைக்கு நீல லைட்டுல வெச்ச குழந்தையோட தோல் நிறத்தை, லைட்டை அணைச்சுட்டுத்தான் பார்க்கணும்னு ஜூனியர்களைத் திட்டுறவன் நான்!

ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணுக்கு விளக்கை உயரத்துல தூக்கிக் கட்டி, தினம் ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு, வாரத்துக்கு அரை மணியா கூட்டினேன். இப்ப பகல்ல பழுப்பு, சாயங்காலம் பச்சை. வாரம் ஒரு தடவை வெள்ளை லைட்ல பார்த்துடுறேன்.

வாங்குறவங்க இன்னொண்ணும் கவனிங்க. மலிவு விளக்குல தண்ணி புகாத உறை இருக்கான்னு பாருங்க. உப்புத்தண்ணி நல்லா கரண்ட் கடத்தும். வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழே ஒரு தொங்கல் விடுங்க, வழியுற தண்ணி அங்கேயே சொட்டிடும். தொட்டிக்குள்ள கை விடறப்போ ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க.