நாலு எல்லைக்கும் ஆள் உண்டு

மனை வாங்கிய பத்திரம் கைக்கு வந்தால் எல்லோரும் விலையைப் பார்ப்பார்கள், பிறகு அளவைப் பார்ப்பார்கள். என் கண் நேராகச் சொத்து விவரத்துக்குப் போகும். கிழக்கே இன்னாருடைய விளை, தெற்கே தோடு, மேற்கே நடைவழி, வடக்கே இன்னாருடைய புரையிடம் என்று அங்கே நாலு வரி இருக்கும். அந்த நாலு வரிக்காகவே களியக்காவிளைப் பக்கத்துப் பழைய பிரமாணங்களை, அதாவது பத்திரங்களை, கேட்டு வாங்கிப் படிப்பேன். ஒரு துண்டு மண்ணின் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

விளவங்கோடு வட்டாரத்தில் வீடுகள் தெருவாகக் கூடி நிற்பது குறைவு. தென்னை, பலா, மரச்சீனி, நல்லமிளகுக் கொடி, ரப்பர் என்று அவரவர் விளைக்குள் அவரவர் வீடு. ஒருவர் ரோட்டுக்கு வர இன்னொருவர் விளையோரம் நடந்தாக வேண்டும். ஒருவர் முற்றத்து மழைவெள்ளம் இன்னொருவர் விளை வழியாகத்தான் தோட்டுக்குப் போகும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இதுதான். இத்தனை பேரும் மண்ணைச் சென்ட் சென்ட்டாகப் பங்கு வைத்து வாழ்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்களும், வளைகுடாவில் உழைத்து வந்து பத்து சென்ட் தேடுகிறவர்களும் சேரும்போது, பக்கத்துக்காரர் யார் என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது.

நான் வாங்கிய இடத்தோடு ஒரு காகிதக் கட்டும் வந்தது. அதன் அடியில் கொல்லம் ஆண்டு 1098-இல் எழுதிய ஒரு பிரமாணம் இருந்தது. ஆங்கிலக் கணக்கில் 1922-23. முழுக்க மலையாளம், அதுவும் கூட்டெழுத்துகள் பின்னிய பழைய கையெழுத்து. வண்டிகளில் எழுதியிருக்கும் மலையாளத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு அது பிடிபடவில்லை. இந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போன, எண்பது தாண்டிய ஒரு டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வேத புத்தகத்தைத் திறப்பதுபோல மடிப்புகளைப் பிரித்தார்.

வாசிக்க வாசிக்க அந்த விளையே எழுந்து நின்றது. கிழக்கு எல்லையில் ஒரு பெயர். டீச்சர் நிறுத்திவிட்டு, அந்த ஆளின் மகன் யார், மகள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள், பேரப்பிள்ளைகள் இப்போது எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொன்னார். அன்று ஒரு பெயராக இருந்த கிழக்கு இன்று நாலு மதிலாகிவிட்டது. தெற்கே கைத்தோடு. மேற்கே குளத்துக்குப் போகும் வழி. வடக்கே ஒரு அயனி மரமும் அதன் மூட்டில் நட்ட கல்லும். அயனி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மரத்தின் பழத்தைப் பொறுக்கித் தின்றதையும், கொட்டையை வறுத்துத் தின்றதையும், பிறகு அது வெட்டப்பட்டு யார் வீட்டு நிலையும் கதவும் ஆனது என்பதையும் வரிசையாகச் சொன்னார். பத்திரத்தில் ஒரு சொல்லாகக் கிடந்த மரம் அவர் வாயில் மறுபடி காய்த்தது.

மேற்கு எல்லைக்குத் திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியது.

"கேட்டியா மக்களே, இது பிரமாணத்துல உள்ள வழியாக்கும். மதில் கெட்டும்போ இத அடைச்சிரப்பிடாது."

"பட்டாவுல இப்படி ஒரு வழி இல்லியே டீச்சர்?"

"பட்டா எழுதினவன் இந்த வழியா நடந்திருக்க மாட்டான். நாங்க நடந்திருக்கோம்."

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. மறுநாள் பக்கத்து விளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நாலு பக்கமும் நடந்தோம். அயனி இல்லை. ஆனால் கல், கரையான் ஏறிய மண்ணுக்கடியில், சொன்ன இடத்திலேயே இருந்தது. மதில் கட்டியபோது மேற்கே வழியை விட்டுத்தான் கட்டினேன். இப்போதும் காலையில் அந்த வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால் எத்தனை அரசாணைகள்! திருவிதாங்கூரில் சர்க்கார் பாட்ட நிலத்தை உழுதவனுக்கு அதை விற்கவும் ஈடு வைக்கவும் முழு உரிமை கிடைத்தது 1865-இல்தான். ஆயில்யம் திருநாள் ஆட்சியில், மாதவராவ் திவானாக இருந்தபோது வந்த பாட்டப் பிரகடனம் அது. அதற்குப் பிறகும் எல்லா மண்ணும் ஒரே சாதி மண்ணாகிவிடவில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் தனியாகவே இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பிறகு 1964-இல் வந்த சட்டம்தான் ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரி ஆக்கியது. பழைய பிரமாணத்தில் அந்தப் பெயரைக் கண்டால் வாங்குகிறவர் அவசரப்படாமல், நிலம் எப்படிக் கைமாறி வந்தது என்று கேட்க வேண்டும். அளவும் அப்படித்தான். பத்திரம் 10 சென்ட் என்று சொல்லும். பட்டா 4.05 ஏர் என்று சொல்லும். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே மண்தானா என்று பொருத்திப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

கடல் கடந்தும் இதே கதைதான் நடக்கிறது என்று படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. இந்தோனேசியாவின் கிராமங்களில் 'கிரிக்' என்றொரு காகிதம் உண்டு. டச்சுக்காரர் காலத்து நிலவரிக் கணக்கின் வழியில் வந்தது. வரி கட்டியதற்கான அத்தாட்சிதான் அது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதையே உரிமைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். இங்கே கரம் தீர்த்த ரசீதைப் பாட்டிமார் முண்டுப் பெட்டியில் பூட்டி வைத்ததும் இதே நம்பிக்கையில்தானே! 1960-இல் அந்த நாடு இயற்றிய நிலச்சட்டம் பதிவுச் சான்றிதழுக்கே மதிப்புக் கொடுத்தது. 2021-இல் வந்த அரசு விதி, பழைய காகிதங்களைப் பதிவு செய்துகொள்ள 5 ஆண்டு கெடு வைத்தது. முழு உடைமையான 'ஹாக் மிலிக்' அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். அங்கே குடியேறும் வெளிநாட்டவருக்குப் பயன்படுத்தும் உரிமைதான் உண்டு. பாலித் தீவில் மனையை ஏர் கணக்கில் விற்கிறார்கள், நம் பட்டாவில் உள்ள அதே ஏர். அங்கே வயல் வைத்திருப்பவர் 'சுபாக்' என்ற பாசனக் கூட்டமைப்பில் அங்கம். மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் தண்ணீரைப் பங்கிட்டு விடும் அந்த ஏற்பாட்டை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது.

அதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் சானல் நினைவு வந்தது. நெய்யாறு இடதுகரை சானலில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் வராத சானலில் காடு முளைத்தது. நெல் விளைந்த ஏலாக்களில் வாழை வந்தது, தென்னை வந்தது, பிறகு மனைக்கல் வந்தது. செக்போஸ்ட்டுக்கு அப்பால் கேரளத்தில் நெல்வயலைக் காக்க 2008-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இந்தப் பக்கம் ஏலாவை நிரத்தி விற்ற மனையில், மழைக்காலத்தில் வெள்ளம் தன் பழைய வழியைத் தேடி வந்து வாசற்படியில் நிற்கிறது. தோடு எங்கே ஓடியது என்பது பழைய பிரமாணத்தின் தெற்கு எல்லையில் தெளிவாக எழுதியிருக்கும். வாசிக்கத்தான் ஆள் இல்லை.

மண் கைமாறும் இந்தக் கதையைத்தான் தேங்காப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'யில் எழுதினார். 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். ஒரு பெரிய தறவாட்டின் நிலமும் பண்டமும் கைமாறிக் கைமாறிக் கரைந்து போவதைப் படிக்கும்போது, விற்ற குடும்பத்தின் துக்கம் வாங்கியவன் காகிதக் கட்டுக்குள்ளும் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றும். அந்தக் கட்டை மரியாதையோடு திறக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று எடுங்கள், பட்டாவைப் பாருங்கள், புலப்படத்தை வைத்து அளந்து பாருங்கள். எல்லாம் தேவை. ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். வாய்ப் பேச்சாகப் பிரித்த பங்கும், பக்கத்துக்காரர் கிணற்றில் வெள்ளம் கோரும் பழக்கமும் அதில் வராது. 20 ஆண்டு தடையின்றி, உரிமையாக, வெளிப்படையாக நடந்த வழியைச் சட்டமே உரிமையாக ஏற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு நாலு எல்லைக்காரர்களோடும் ஒருமுறை நடந்து பாருங்கள். வழியையும் தோட்டையும் புதுப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டியில் மலையாளப் பிரமாணம் கிடந்தால், அதை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கொண்டுபோய், ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை இந்த ஆண்டே செய்யுங்கள்.