கோட்டுக்கு வெளியே நின்றவை

திரையில் ஓடும் படத்திற்கு நான்கு ஓரங்கள் உண்டு. அவற்றைப் படம் பிடித்தவரே வகுத்திருப்பார் என்றுதான் பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அவற்றை வகுப்பவர் மூவர். காமிராவுக்குப் பின்னால் நிற்பவர் ஒருவர். ஆய்வுக்கூடத்தில் பிரதி எடுப்பவர் இன்னொருவர். தியேட்டரில் புரொஜக்டருக்குத் தகடு மாட்டும் ஆபரேட்டர் மூன்றாமவர். இம்மூவரும் ஒரே அளவை மனத்தில் கொண்டிருந்தால் படம் பிழைத்தது. இல்லையேல் எவருடைய தலையோ கையோ திரைக்கு வெளியே போய்விடும். ஒளிப்பதிவாளர்களிடம் உதவியாளனாகச் சில ஆண்டுகள் பெட்டி சுமந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஒரே படத்தை இரண்டு அளவுச் சுருள்களில் எடுக்கும்போது சிக்கல் தொடங்கும். 35 மி.மீ. சுருளில் ஒலிக்கீற்றுக்கு இடம் விட்டதுபோக மிஞ்சும் வழக்கமான பிரேம் ஏறத்தாழ 22 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் கொண்டது. 16 மி.மீ. சுருளின் பிரேமோ அகலத்தில் 10 மி.மீ. சொச்சம், உயரத்தில் ஏழரை மி.மீ. பெரிய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுவதைச் சின்னக் காமிராவில் காட்ட வேண்டுமானால் கணக்குப்படி இருபத்து மூன்றரை மி.மீ. லென்ஸ் தேவை, கைக்குக் கிடைப்பது 25. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, பதினைந்து அடி தூரத்தில் நிற்கும் ஆளுக்குக் காமிராவை ஓர் அடி பின்னே நகர்த்துவோம். ஆள் சரியாக அமைந்துவிடுவார். அவருக்குப் பின்னாலுள்ள மரங்கள் மட்டும் ஒத்துவரமாட்டா. பெரிய காமிராவில் மங்கித் தெரிந்த மரம் சின்னக் காமிராவில் இலை இலையாகத் தெளிந்து நிற்கும்.

இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வழி எளிமையானது. வெள்ளை அட்டையில் நடுவே ஒரு சிலுவைக் குறி, நான்கு மூலைகளிலும் அம்புக் குறிகள், திரைக்கு வரவேண்டிய அளவில் ஒரு நீள்சதுரம். இதைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு காமிராவாலும் பத்தடிச் சுருள் எடுத்துக் கழுவிப் போட்டுப் பார்ப்பது. வியூஃபைண்டரின் மங்கற் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரிந்த கோடும், சுருளில் பதிந்த கோடும் ஒன்றுதானா என்பது அப்போது விளங்கிவிடும். பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒலிக்கீற்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதால் படத்தின் நடுப்புள்ளி சுருளின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு மி.மீ. அளவுக்கு விலகி நிற்கும். அதை அறியாதவர் லென்ஸைக் குறை சொல்வார்.

எழுபதுகளின் இறுதியில் இராமநாதபுரம் கடற்கரையில் தோணி கட்டும் ஓடாவிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுத்தோம். 35 மி.மீ. காமிரா ஒன்று வாடகைக்கு வந்தது. அதன் கண்ணாடியில் அகலத்திரைக்கான கோடுகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. தோணியின் விலா எலும்புகளுக்குள் நுழைந்து எடுக்க ஒரு 16 மி.மீ. காமிரா. அதில் கோடே இல்லை. முதல் நாளே எங்கள் ஒளிப்பதிவாளர் அட்டைச் சோதனை வேண்டுமென்றார். படமெடுக்கப் பணம் போட்டவர், பிலிமை வீணாக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 16 மி.மீ. சுருள் நூறடி என்றால் மொத்தமே இரண்டே முக்கால் நிமிடம் ஓடும். எங்களுக்கு வேண்டியிருந்தது அதில் பத்தடி.

ஓடாவிகளில் மூத்தவர் அளவுகோல் தொடாதவர். ஏரா மரத்தின்மீது சாணும் முழமுமாக அளந்துகொண்டே போய், ஓரிடத்தில் நகத்தால் கீறி, வாய்ச்சியை இறக்குவார். அந்தக் கைகளுக்காகவே சின்னக் காமிராவை அவர் மடியருகே தரையோடு தரையாக வைத்தோம். பிரேமின் மேற்பாதியில் முகம், கீழ்ப்பாதியில் கை. படம் முடிந்தது; சின்னச் சுருளைப் பெரிதாக்கி மற்றதோடு சேர்த்தார்கள். ஊருக்கு அடுத்த பட்டணத்துத் தியேட்டரில் முக்கியப் படத்திற்கு முன்னால் ஓட்டினார்கள். அங்கே அகலத்திரைத் தகடே நிரந்தரமாக மாட்டப்பட்டிருந்தது. 1.37 விகிதத்தில் எடுத்ததை 1.85 விகிதத் தகட்டில் விட்டால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். பெரிய காமிராவின் காட்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை கோட்டுக்குள் எடுக்கப்பட்டவை. பெரியவரின் காட்சிகள் வந்தபோது, முகத்தைத் திரையில் வைக்க ஆபரேட்டர் படத்தைக் கீழே இறக்கினார். முகம் தப்பியது, கைகள் போயின. ஐந்தாறு நிமிடம் ஒரு கிழவர் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். குடும்பத்தோடு வந்திருந்த அவருடைய மகன் வெளியே வந்ததும் என்னிடம், "வாப்பா கை எங்கே போச்சு காக்கா?" என்று கேட்டார். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை.

பணம் தாராளமாக இருந்த இடத்திலும் இந்தச் சிக்கல் எளிதில் தீர்ந்துவிடவில்லை. 1955-ல் அமெரிக்காவில் வெளிவந்த "ஓக்லஹோமா!" புதிய டாட்-ஏஓ முறையில், 65 மி.மீ. நெகடிவில், வினாடிக்கு 30 பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டது. அதை ஓட்டும் வசதி மிகச் சில அரங்குகளுக்கே இருந்தது. மற்ற அரங்குகளுக்காக 35 மி.மீ. சினிமாஸ்கோப்பில் வினாடிக்கு 24 பிரேமில் இன்னொரு படம் வேண்டியிருந்தது. வேகமே வேறாகையால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரதி எடுக்க வழியில்லை. ஒன்றின் திரை 2.20 விகிதம், மற்றதன் திரை 2.55. கடைசியில் இரண்டு முறைக்கும் தனித்தனியே படம் பிடித்தார்கள். அதனால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் உண்டாயின. ஒன்றில் நடிகர் திரும்பிப் பார்த்த நொடி மற்றதில் அப்படியே இல்லை. 1958-ல் வந்த "சவுத் பசிபிக்" டாட்-ஏஓ முறையிலேயே 24 பிரேமுக்குத் திரும்பியதும் இந்த இரட்டை உழைப்பு தேவையற்றுப் போயிற்று.

நம் நாட்டில் "ஷோலே" எடுத்தவர்கள் கையாண்ட வழி எனக்கு அதைவிடப் பிடித்தமானது. 1973-ல் பெங்களூருக்கு அருகே ராமநகரப் பாறைகளுக்கிடையே படப்பிடிப்பைத் தொடங்கிய அவர்கள், வாடகை கட்டுப்படியாகாத 70 மி.மீ. காமிராவைத் தேடவில்லை. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா வழக்கமான 35 மி.மீ. காமிராவிலேயே 4-க்கு 3 என்ற பிரேமில் எடுத்தார். பின்னர் அது மேலும் கீழும் வெட்டப்பட்டு, 2.20 விகிதத்தில் 70 மி.மீ.க்குப் பெரிதாக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நெகடிவின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கழிந்துவிடுகிறது. மிஞ்சிய பட்டைக்குள்ளேதான் குதிரைகளும் ரயிலும் ஊர்க்கூட்டமும் அடங்க வேண்டும். அதேவேளையில் கழிக்கப்படும் பகுதியையும் ஒழுங்காக வைத்திருப்பதே நல்லது. விளக்குக் கம்பமோ மைக்கோ அங்கே நின்றிருந்தால், முழு பிரேமையும் காட்டும் பிரதியில் அது வந்து நிற்கும்.

மகனின் உடல் வந்து சேர, ஊரே வாயடைத்து நிற்க, கண் தெரியாத இமாம் சாகிப் காரணம் புரியாமல் தடவித் தடவி நடந்து வரும் காட்சியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏ. கே. ஹங்கல் நடித்தது. அதை முழு பிரேமில் பார்த்தால் வானமும் தரையும் நிறையத் தெரியும். அகலப் பட்டையில் பார்த்தாலோ அவரும் அந்த மனிதர்களும் மட்டுமே. இரண்டில் எது சரி என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அந்த அகலமே போதும். வானம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

1975 ஆகஸ்ட் 15-ல் வெளியான அந்தப் படத்தின் 70 மி.மீ. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆயினும் 2025-ல் அதைப் புதுப்பித்து இத்தாலியின் போலோஞா நகரில் திரையிட்டபோது, பழைய 2.20 அளவிலேயே காட்டினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தக் கோட்டுக்குள் அந்தப் படம் எண்ணப்பட்டது என்பது தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. தோணிப் படத்தின் சின்ன நெகடிவிலும் பெரியவரின் கைகள் முழுதாகவே பதிந்திருந்தன. வெட்டியது தியேட்டர்த் தகடு மட்டுமே. ஆனால் அதைக் கழுவிய ஆய்வுக்கூடம் மூடப்பட்டு வெகுகாலமாகிறது. அங்கிருந்த டப்பாக்கள் எங்கே போயின என்று நான் கேட்டுப் பார்த்தவர்களில் எவருக்கும் தெரியவில்லை.