ஐந்து நாவல்களும் ஒரு மனத்தாங்கலும்

சென்ற ஆறு மாதங்களில் நாங்கள் ஐந்து பேர் கூடி ஐந்து நாவல்களை வாசித்தோம். எங்களில் இருவர் மயிலாப்பூர்வாசிகள், இருவர் தியாகராய நகர், ஒருவர் அடையாறு. ஞாயிறு காலைகளில் லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்காவில் சந்திப்பது வழக்கம். எங்களுக்குள் மூன்று விதிகள் உண்டு. நாவல் சென்னையில் நிகழ வேண்டும், அல்லது சென்னையைத் தொட்டாவது செல்ல வேண்டும். முன்னுரையையும் பிறர் எழுதிய விமர்சனங்களையும் நாவலை முடித்த பிறகே பார்க்க வேண்டும். ஆசிரியரின் புகழை யாரும் வாதமாக முன்வைக்கக் கூடாது. முதலிரண்டு விதிகளைக் கடைப்பிடிப்பதில் எங்களுக்குச் சிரமமே இல்லை. மூன்றாவது விதிதான் எங்கள் வட்டத்தை ஏறக்குறைய உடைத்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கீழே உள்ளவை விமர்சனக் கட்டுரைகள் அல்ல. கோட்பாடு எதையும் கையில் எடுத்துக்கொள்ளாமல், வாசகர்களாக எங்களுக்குப் பட்டதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறோம். கதைகளின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறோம். இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கணையாழியில் தொடராக வெளிவந்து 1973இல் நூலானது. அசோகமித்திரன் தியாகராய நகரில் பல்லாண்டு வாழ்ந்தவர். அந்த வட்டாரத் தெருக்களின் நடுத்தர வர்க்கத்து மூச்சு இந்தச் சிறிய நாவலில் முழுவதுமாக இருக்கிறது. ஜமுனா, அவள் தங்கை சாயா, சினிமா ஆசை காட்டி ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவ், பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஆகிய நால்வரைக் கொண்டே கதை நகர்கிறது. இவர்களைச் சுற்றிலும் குடங்கள், அடிகுழாய்கள், தோண்டிப்போட்ட தெரு.

இந்நாவலில் தண்ணீர் ஒரு குறியீடு என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. 2019 கோடையை இந்நகரில் கழித்தவர்கள் எவரும் குறியீடு என்று சொல்லமாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 1978இல் குடிநீர் வாரியம் அமைந்த பிறகும், 1996இல் கிருஷ்ணா நீர் வந்த பிறகும், 2004இல் வீராணம் குழாய் வந்த பிறகும், 2010இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கிய பிறகும் நேர்ந்த நிலை இது. 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு நாவல் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பழையதாகவில்லை என்பது அதன் ஆசிரியருக்குப் பெருமைதான். நகரத்துக்கு அப்படியல்ல.

எங்களில் ஒருவர் தனியாக வாழும் பெண், அலுவலகம் செல்பவர். அந்தக் கோடையில் அவர் குடியிருந்த வாடகைப் பகுதியில், வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரத்தை அவருக்கு மட்டும் சொல்லமாட்டாராம். குடும்பஸ்தர்களுக்குப் போக மீந்ததுதான் அவருக்கு. "ஜமுனாவின் துக்கம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் குடத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது மற்றவர்கள் அவளைப் பார்க்கும் பார்வை முழுவதும் புரிந்தது" என்றார் அவர். இந்நாவலைப் பற்றி நாங்கள் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாஸ்கர் ராவ் மிக மெலிதாக வரையப்பட்டிருக்கிறான். காரோடு வந்து காரோடு போகிறான். டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி ஆசிரியரின் உபதேசமாகிவிட்டது என்று இருவர் கருதினார்கள். மற்ற மூவருக்கு அது ஏற்புடையதாக இல்லை. அவள் ஆறுதல் சொல்லவே இல்லை. தான் பட்டதை மட்டும் சொல்கிறாள். ஆறுதல் சொல்லாத அந்த நேர்மைதான் ஜமுனாவை எழுந்து நிற்க வைக்கிறது என்பது எங்கள் பெரும்பான்மைக் கருத்து.

அடுத்ததும் அசோகமித்திரனே. 1960களின் இறுதியில் எழுதப்பட்ட 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் சினிமாவைப் பற்றி எழுதினால் நட்சத்திரங்களின் அந்தரங்கம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே சினிமா என்பது வண்டி ஏற்பாடு செய்வதும், விடியுமுன் ஆட்களைத் திரட்டுவதும், சிற்றுண்டிக்குக் கணக்கு எழுதுவதும், கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போடுவதும்தான். புரொடக்ஷன் மானேஜர் நடராஜனை எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. எல்லாருக்காகவும் ஓடுகிற, எவருக்கும் நினைவில் நிற்காத மனிதர்.

ஆனால் இதை வாசிப்பது எளிதன்று. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மையப் பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கிறது. எங்களில் இருவர் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். முற்பகுதியின் இறுக்கம் பிற்பகுதியில் தளர்ந்துவிடுகிறது என்பது எங்கள் ஒருமித்த அபிப்பிராயம். நடிகைகள் எப்போதும் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறார்கள் என்பதும் குறையே. நடிகை ஜயசந்திரிகாவின் வீட்டுக்கு ரெட்டியார் சென்று கொந்தளிக்கும் இடம் அற்புதமானது. இருந்தாலும் அங்கே நாம் அறிவது ரெட்டியாரின் மனத்தைத்தான், அந்தப் பெண்ணின் மனத்தை அல்ல. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்கள் பலவும் அடுக்ககங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்ட இன்று, தலைப்புக்கு ஆசிரியர் நினைத்திராத பொருளும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966). இது காவேரிக்கரை நாவல் ஆயிற்றே, எங்கள் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்கலாம். வேதபாடசாலையில் பல ஆண்டுகள் படித்த அப்பு, படிப்பு முடிந்து திரும்பி வரும் வீடு சென்னையில்தான் இருக்கிறது. அந்த வீட்டைத்தான் நாங்கள் வாசிக்க விரும்பினோம். சிவசு வருகிறான், போகிறான். அலங்காரத்தம்மாள் கம்பீரமாக நடமாடுகிறாள். பிழை திருத்தும் வேலை பார்க்கும் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஊரார் எழுத்திலுள்ள பிழைகளைத் திருத்துகிற மனிதர் தம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அதை ஆசிரியர் ஒருமுறைகூட விரலால் சுட்டிக் காட்டவில்லை. இந்த அடக்கம் எங்களை வியக்க வைத்தது.

அபிப்பிராயத்தை ஒளிப்பதில்லை என்று சொல்லிவிட்டோம். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறோம். இந்நாவலின் சென்னைப் பகுதி, காவேரிப் பகுதியைவிட உயர்ந்தது. இந்துவின் காதல் பேச்சுகள் வேகமாகக் கொட்டித் தீர்ந்துவிடுகின்றன. சென்னை வீட்டின் மௌனமோ புத்தகத்தை மூடிய பின்பும் கூடவே வருகிறது. அலங்காரத்தம்மாளின் மனத்தை ஆசிரியர் கடைசிவரை மூடியே வைத்திருப்பது பலமா, பலவீனமா என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. காசிக்குப் போகும் அவளை மன்னிப்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு அந்த ஞாயிறு முடிந்தது.

நான்காவது ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 1970இல் நூலாகி, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆனந்த விகடனில் 1966இல் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெட்டுப்போய்விட்டதாக எண்ணி அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றித் தூய்மையாகிவிட்டாய் என்கிறாள். அப்படிச் சொல்லத் தெரியாத தாய்க்குப் பிறந்த பெண்ணின் கதி என்ன என்பது நாவல். ஒரு சிறுகதையின் முடிவை மாற்றிப்போட்டு அதிலிருந்தே ஒரு பெரிய நாவலை எழுதிய துணிச்சலுக்கு நிகராகத் தமிழில் வேறொன்று எங்களுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

கங்கா தனக்குத்தானே பேசிக்கொள்ளும் நடை இன்றும் உயிரோடு இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும் பெண்ணின் எரிச்சலும் அருவருப்பும் கூர்மையும் ஒரு வரியில்கூடப் பொய்யாகவில்லை. வெங்கு மாமா தமிழ் நாவல்களின் மிகச் சிறந்த தீயவர்களில் ஒருவர் என்பது எங்கள் துணிபு. உதவி செய்தவர் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு உரிமை கொண்டாடும் அவரைப் போன்ற ஒரு பெரியவரை அறியாத குடும்பம் குறைவு. கங்காவைக் கைவிட்ட அண்ணனைவிட அவளைப் படிக்கவைத்த மாமா ஆபத்தானவர் என்று காட்டியதற்காகவே ஜெயகாந்தனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறை, பேச்சின் நீளம். பாத்திரங்கள் உரையாடும் இடங்களில் மேடையின் ஒலி கேட்கிறது. முடிவில் கங்கா குடியில் வீழ்வது எங்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்தது. அது சமூகத்தின் மீது அவள் வீசும் கடைசிக் கல் என்றது ஒரு கட்சி. தன் காலில் நின்ற ஒரு பெண்ணை எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஆசிரியர் அவளுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார் என்றது மற்றொரு கட்சி. இரண்டாவது கட்சியின் வாதமே வலுவானது என்று இக்கட்டுரையை எழுதுகிறவர்கள் நினைக்கிறோம்.

ஐந்தாவதில்தான் வினை வந்தது. தி. ஜானகிராமனின் 'மரப்பசு' (1975). பெரிய சங்கீத வித்வான் கோபாலியை அண்டிச் சென்னைக்கு வரும் அம்மணி, எந்தக் குற்றவுணர்வும் இன்றி உலகத்தையெல்லாம் தொட்டுப் பார்க்க விரும்புகிறவள். கதையைத் தானே சொல்கிறாள். எங்களில் நால்வருக்கு இந்நாவல் பிடிக்கவில்லை. அம்மணியின் சுதந்திரத்துக்கு வாடகை இல்லை, சமையல் இல்லை, உடல்வலி இல்லை. அவள் சந்திக்கும் ஆண்கள் எல்லோரும் அவளை உடனே புரிந்துகொள்கிறார்கள். நரை கண்டபின் அவள் பட்டாபியிடம் வந்து சேர்வதும், இவ்வளவு தூரம் அலைந்தது இதற்குத்தானா என்று கேட்க வைக்கிறது.

எங்களுள் மூத்தவர் கொதித்துவிட்டார். ஜானகிராமனை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசிப்பவர் அவர். "1975இல் ஒரு பெண் வெட்கப்படாமல் தன்னைப் பற்றிப் பேசுவதை யாரம்மா எழுதினார்கள்?" என்று கேட்டார். முன்பு சொன்ன அந்தப் பெண்மணி, "பேசுகிறாள் சார், மறுக்கவில்லை. ஆனால் ஆண்கள் கேட்க ஆசைப்பட்டதை அல்லவா பேசுகிறாள்?" என்றார். பெரியவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, எழுதியவர் யார் என்று நினைத்துப் பேச வேண்டும் என்றார். மூன்றாவது விதியை ஒருவர் நினைவூட்டினார். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் மூன்று ஞாயிறுகள் வரவில்லை.

நான்காவது ஞாயிறும் அவர் வரவில்லை, கடிதம் வந்தது. கையால் எழுதிய நான்கு பக்கங்கள். தம் கட்சியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் சாரத்தை அவர் அனுமதியோடு இங்கே தருகிறோம். ஒரு நாவலாசிரியர் தம் காலத்தில் இருப்பதை மட்டும் எழுதினால் போதாது, இல்லாததையும் கற்பனை செய்ய வேண்டும். இல்லாத பெண்ணைப் படைப்பவருக்கு அவளுடைய சமையலறையையும் சேர்த்துப் படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மணியை நம்ப முடியவில்லை என்பது அவளைப் படைத்தவரின் குற்றமன்று, அவளைப் போன்றவர்களை வாழவிடாத நம்முடைய குற்றம். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில், அந்தப் பெண்மணியின் கேள்விக்குத் தம்மிடம் முழுமையான பதில் இல்லை என்றும், அதுவே தம்மைப் பூங்காவுக்கு வரவிடாமல் தடுக்கிறது என்றும் குறித்திருந்தார்.

இந்தக் கடிதத்தைப் படித்தபின் எங்கள் நால்வரின் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. ஜமுனா, அலங்காரத்தம்மாள், கங்கா, அம்மணி என்று எங்கள் நகரத்து நாவல்களின் நடுவில் நிற்பவர்கள் பெண்கள். அவர்களை எழுதிய மூவரும் ஆண்கள். இவர்களுள் அசோகமித்திரன் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஜானகிராமன் 'அம்மா வந்தாள்' நாவலில் விலகி நிற்கிறார், வெல்கிறார். 'மரப்பசு'வில் அம்மணியின் குரலையே எடுத்துக்கொள்கிறார், எங்கள் பார்வையில் தோற்கிறார். ஜெயகாந்தன் குரலை எடுத்துக்கொண்டு பெருமளவு வென்று, முடிவில் சறுக்குகிறார். ஒரு வரிசையில் வைக்கச் சொன்னால், 'தண்ணீர்', 'அம்மா வந்தாள்', 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 'கரைந்த நிழல்கள்', 'மரப்பசு' என்று வைப்போம். பெரியவரின் வரிசையில் கடைசி நாவல் இரண்டாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறோம்.

அடுத்து என்ன வாசிப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அந்தப் பெண்மணியிடம் கொடுத்தோம். சென்னை என்ற விதியை இம்முறை தளர்த்தி, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைத் தேர்ந்தெடுத்தார். 2004இல் வெளிவந்த அந்நாவலின் பிரதிகள் ஐந்தை வாங்கியிருக்கிறோம். ஒன்றைப் பெரியவரின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவரும் அவரே. கதவைத் திறந்து வாங்கிக்கொண்ட பெரியவர் காப்பி கொடுத்தாராம். ஞாயிறு வருவாரா என்பதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.