மலையடியில் ஓர் இரவுக்கு இடம்

மலையேறிய கதையை எழுதுவோர் பலர். ஏறுவதற்கு முந்திய இரவில் எங்கே படுப்பது என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். இளைஞர் நால்வர் சேர்ந்து சென்றால் அது ஒரு கேள்வியே அன்று. கோயில் திண்ணையிலும் படுப்பர், வெறும் பாறையிலும் படுப்பர். சிறுவரையும் முதியவரையும் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கோ சிகரத்தைக் காட்டிலும் பெரிய கேள்வி அதுதான். சென்ற மார்கழியில் களசூபாய் மலையடியில் நாங்கள் கூடாரத்துக்கு இடம் தேடிய வரலாற்றை, நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதுகிறோம்.

களசூபாய் மகாராஷ்டிர மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம். அதன் உயரம் 1,646 மீட்டர். சஹ்யாத்திரி மலைத்தொடரில், அகோலே வட்டத்தில், நாசிக் மாவட்ட எல்லையை ஒட்டி நிற்கிறது. மும்பையிலிருந்து இரயிலில் இகத்புரியை அடைந்து, அங்கிருந்து கோட்டி வழியாக ஜீப்பில் சென்றால் பாரி என்னும் சிற்றூர் வரும். மலைப்பாதை அவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. பாதையின் பெரும்பகுதி நிழலற்றது. செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஏணியடியில் கூட்டம் வரிசையாகக் காத்து நிற்கும். ஆகையால் விடியுமுன் புறப்படுவோரே வெயிலுக்கும் நெரிசலுக்கும் தப்புவர். அதற்கு முதல் நாள் இரவு மலையடியிலேயே தங்கியாக வேண்டும்.

நாங்கள் ஐவர். கணவன் மனைவியராகிய நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிச் சிறுவனாகிய மகன், 75 வயதான அம்மா. மலையை அடிவாரத்திலிருந்து பார்த்தாலே போதும் என்று சொல்லித்தான் அம்மா எங்களுடன் புறப்பட்டார். எனவே நாங்கள் தேடிய இடம் ஓர் இரவு படுப்பதற்கு மட்டும் அன்று. மறுநாள் நாங்கள் ஏறி இறங்கும் வரையில் அம்மாவைக் கவலையின்றி விட்டுச் செல்வதற்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

பாரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் பண்டாரதரா ஏரி இருக்கிறது. பிரவரை ஆற்றின் குறுக்கே கட்டி 1926-இல் முடிக்கப்பெற்ற வில்சன் அணையால் உண்டான ஏரி அது. அதன் கரையில் வாடகைக் கூடாரங்கள் வரிசையாகக் கிடைக்கும். மழைக்காலம் தொடங்குமுன் மின்மினிகள் மரம் மரமாக மொய்க்கும் நாட்களில் அங்கே பெருங்கூட்டம் கூடுவதும் உண்டு. பணம் கொடுத்தால் இடம் உறுதி. ஆயினும் அறிமுகமற்ற கூடார வரிசையில் முதியவர் ஒருவரைத் தனியே விட்டுச் செல்ல எங்கள் மனம் ஒப்பவில்லை. சொந்தக் கூடாரங்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு பாரிக்கே சென்றோம். பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

முதலில் கண்ணைக் கவர்ந்தது ஓடைக்கரை. பசுமையும் நீரொலியும் அங்கேயே தங்கிவிடலாம் என்று அழைத்தன. ஆனால் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். பனியும் அங்கேதான் மிகுதியாகப் படியும். விடியற்காலையில் கூடாரத் துணி நனைந்து சொட்டும். அருகிலிருந்த நெல்வயல் அறுவடையாகிக் காய்ந்திருந்தது. அதன் தாள்கட்டைகளோ கூடாரத்தின் அடித்துணியைக் கிழித்துவிடும் கூர்மையுடையன. மேலும் அது யாரோ ஒருவருடைய வயல்.

அடுத்து ஒரு பெரிய மரத்தடி. நிலம் சமமாக இருந்தது. ஆனால் மேலே பட்டுப்போன கிளை ஒன்று தொங்கியது. பட்ட கிளை என்றைக்கு விழும் என்பதை யாரும் முன்னரே அறிய முடியாது. மூன்றாவதாக, பாதையில் சற்று மேலேறினால் ஒரு வெட்டவெளி. காட்சிக்கு அதைப் போன்ற இடம் வேறில்லை. ஆனால் தடுப்பில்லாத இடத்தில் இரவு முழுதும் காற்று கூடாரத்தை உலுக்கும். அன்றியும், 1986-ஆம் ஆண்டு முதல் இம்மலைப் பகுதி களசூபாய் - அரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயமாக இருந்து வருகிறது. காட்டு நிலத்தில் கூடாரமடிக்க வேண்டுமானால் வனத்துறையின் அனுமதியை முன்னரே பெற வேண்டும்.

எஞ்சியது ஊர். ஊருக்குள் சென்று ஒரு வீட்டில் கேட்கலாம் என்றோம். அம்மா தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அம்மா மணமாகி மாட்டுங்காவுக்கு வந்தது 1967-இல். தென்னாட்டாருக்கு எதிரான கிளர்ச்சி அந்நகரில் ஓங்கியிருந்த காலம் அது. கடைத்தெருவில் தமிழில் உரக்கப் பேச அஞ்சிய நாட்களை அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மண்ணிலேயே வாழ்ந்து, மராட்டியரான அண்டை வீட்டாரோடு நல்லது கெட்டதுகளில் கலந்துகொண்டவர்தாம். ஆயினும் முன்பின் அறியாத வாசலில் நின்று இடம் கேட்பது என்றவுடன் அந்தப் பழைய அச்சம் தலையெடுத்தது. “இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளைகளின் முகம் என்ன ஆகும்?” என்றார்.

அதற்குள் எங்கள் மகள் ஊரின் கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மும்பையில் பிறந்தவள்; மராட்டி அவளுக்கு விளையாட்டிலேயே வந்த மொழி. வாசலில் இருந்த முதியவரை ‘ஆஜி’ என்று அழைத்தாள். பாட்டி என்பது பொருள். பாட்டி ஒருவரை அழைத்து வந்திருக்கிறோம், அவரால் மலையேற இயலாது, இன்றிரவு முற்றத்தில் இடம் தருவீர்களா என்று கேட்டாள். ஆஜி அவளைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் கைப்பையோடு நின்ற அம்மாவையே பார்த்தார். “தாயி, வாருங்கள்” என்றார். மராட்டியில் தாயி என்றால் அக்காள். அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், எங்கோ நம்மூரில் யாரோ ‘தாயே’ என்று அழைத்ததுபோல் இருந்தது என்று பின்னர் எங்களிடம் சொன்னார்.

சாணம் மெழுகிய முற்றத்தில், வைக்கோற்போருக்கு எட்ட, சுவரோரமாக எங்களுக்கு இடம் கிடைத்தது. ஆஜி மூன்று நிபந்தனைகள் விதித்தார். முற்றத்தில் தீ மூட்டக் கூடாது, சமையல் அடுப்பங்கரையில்தான். மாடு கட்டும் முளையில் கூடாரக் கயிற்றைக் கட்டக் கூடாது. கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கக் கூடாது. தரும் ஒரு குடம் நீரிலேயே எல்லாம் முடிய வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை நகரத்தாருக்கு வியப்பாகத் தோன்றலாம். சஹ்யாத்திரியில் கொட்டுகிற மழைக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மழை பெய்வது உண்மை. நிற்பதில்லை என்பதும் உண்மை. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை இது. இதில் நீர் ஊறித் தங்குவது குறைவு. பெய்ததில் பெரும்பகுதி சரிவில் ஓடிவிடுகிறது. மார்கழியில் கிணற்றில் நிற்கும் நீர்தான் ஜூன் மாத மழை வரும் வரையில் ஊருக்கு உதவ வேண்டும். வந்து போகிற நூறு பேர் ஆளுக்கொரு குடம் இறைத்தால் கோடையில் நடக்க வேண்டியவர்கள் அவ்வூர்ப் பெண்கள்.

இரவு ஆஜியின் மருமகள் கேழ்வரகு பாக்ரியும், கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் தந்தார். தஞ்சையிலிருந்த மராட்டியர் வழியாக வந்ததுதான் நம் வீட்டுப் பிட்லை என்பர். பெயர் ஒன்று, பண்டம் வேறு. அம்மா இரண்டையும் ஒப்பிட்டு நெடுநேரம் விளக்கினார். உணவுக்கும் இடத்துக்குமாக உரிய தொகையை மருமகளிடம் கொடுத்தோம். அன்பாய்க் கொடுக்கிறார்கள் என்பதற்காக இலவசமாய்ப் பெறுவது முறையன்று.

படுக்குமுன் ஆஜி மலையின் கதையைச் சொன்னார். களசூ என்னும் பெண் ஒரு வீட்டில் வேலைக்கு அமர்ந்தபோது, பாத்திரம் தேய்க்க மாட்டேன், வீடு பெருக்க மாட்டேன் என்று முன்னரே சொல்லி வைத்தாளாம். ஒரு நாள் அவ்வேலைகளையே அவளுக்கு இட்டார்கள். செய்து முடித்துவிட்டு மலைமேல் ஏறியவள் திரும்பி வரவே இல்லையாம். உச்சியிலுள்ள சிறு கோயில் அவளுடையது. நவராத்திரியில் சுற்றூர் மக்கள் ஏறிச் சென்று வழிபடுகிறார்கள். “பாத்திரத்தால் வந்த வினையா? அதனால்தான் ஆஜி கிணற்றடியில் தேய்க்க விடவில்லை” என்றான் மகன். அக்காள் மொழிபெயர்க்க, ஆஜி வாய்விட்டுச் சிரித்தார்.

விடியுமுன் புறப்பட்டோம். ஏணிகளில் கூட்டமில்லை. உச்சிக் கோயிலைக் கண்டு, நண்பகலுக்குள் இறங்கி வந்துவிட்டோம். அம்மாவும் ஆஜியும் முறத்தை நடுவே வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது கடைத்தெரு மராட்டி. ஆஜிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இருவரும் பேச்சை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

குடும்பத்தோடு மலைக்குச் செல்லும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பொழுதிருக்கும்போதே அடிவாரத்தை அடையுங்கள். பள்ளத்தையும் பட்ட மரத்தையும் விலக்குங்கள். நிலம் யாருடையது, நீர் எவ்வளவு, நெருப்புக்கு இசைவுண்டா என்று கேளுங்கள். எந்த இடத்துக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார். வனத்துறையாயினும் சரி, ஒரு வீட்டுப் பாட்டியாயினும் சரி, கேட்டுப் பெற்ற இடத்தில் உறக்கம் நன்றாக வருகிறது. கேட்பதற்கு அவ்வூர் மொழியறிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை முன்னே விடுங்கள்.

நவராத்திரிக்கு வருமாறு ஆஜி அம்மாவை அழைத்திருக்கிறார். பஞ்சாங்கத்தில் அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லும்படி அம்மா இப்போதே எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.