அருணையில் பத்து நாள் ரஜா

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்வதுண்டு. அருணாசலேசுவரரைத் தரிசித்துவிட்டு அன்று மாலையே பஸ் ஏறுகிறவர்கள் ஒரு வகை. பௌர்ணமிதோறும் வந்து மலையை வலம் செய்து, விடிந்ததும் காபி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இரண்டாவது வகை. வந்தவர்கள் வந்தபடியே தங்கிவிடுகிறார்களே, அவர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றாம் வகைக்குத் தலைவர் ஸ்ரீ ரமண மகரிஷிகள் என்பது சொல்லாமலே விளங்கும். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, 16 வயதுப் பிள்ளையாக ரயிலை விட்டு இறங்கியவர், 1950 ஏப்ரல் 14 இரவு மகாசமாதி அடையும் வரையில் அந்த மலையை விட்டு வேறு ஊருக்குப் போகவே இல்லை.

நாலாவது வகை ஒன்றும் உண்டு. ரஜாவில் வருகிறவர்கள். அப்படிப்பட்ட ஒருவருடன் 2013-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், தீபாவளியை ஒட்டிய பத்து நாட்களை ரமணாசிரமத்தின் அக்கம்பக்கத்தில் கழிக்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியது.

நண்பர் ரமண நகர்வாசி. தொழில் எஞ்சினியர் வேலை. இலங்கையின் வடக்கே, வன்னிப் பிரதேசத்தில், வீடு கட்டும் திட்டத்தில் மேற்பார்வை பார்த்துக் கொண்டிருந்தார். 2009 மே மாதத்தில் யுத்தம் ஓய்ந்தபோது அந்தப் பிரதேசத்தில் கூரையோடு நின்ற வீடுகளை விரல் விட்டு எண்ணலாம் என்பார்கள். இந்திய சர்க்கார் 50,000 வீடுகளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்து, முதலில் 1,000 வீடுகளைக் கட்டிப் பார்த்த பிறகு, 2012-இல் காந்தி ஜயந்தி தினத்தன்று பெரிய வேலையைத் தொடங்கிற்று. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளைக் காண்டிராக்டர் கட்டிக் கொடுக்கவில்லை. குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக. அஸ்திவாரம் எழும்பினால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, இப்படி. கொத்தனாரை அமர்த்துவதும் மணல் சலிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பணம் வந்தது.

"ஆகையால் ஊரில் எல்லோருக்கும் நான் வேண்டியவன், எல்லோருக்கும் பயமும் நான்தான்" என்று நண்பர் சிரித்தார். "புருஷனை இழந்த ஒரு கிழவி, சுவரைத் தன் கையாலேயே பூசிக் கொண்டிருந்தாள். மூலை சரியில்லை என்று நான் சொன்னதும், 'தம்பி, மூண்டு தரம் இடிஞ்ச வீடு இது. மூலையை மட்டும் பாக்கிறியளே' என்றாள். மறுபடியும் பூசச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."

நண்பர் வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. வன்னிக்கும் நமது கோடியக்கரைக்கும் நடுவே குறுகிய கடல்தான். ஆனால் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு பழைய போட்மெயில் பிரயாணம் கதையாகிவிட்டது. ஆகையால் தெற்கே கொழும்புக்கு இறங்கி, ஆகாய விமானத்தில் வடக்கே சென்னைக்கு ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் திண்டிவனம், செஞ்சி வழியாக வர வேண்டியிருந்தது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அதுதான்! ஒரே ஆறுதல், கொழும்பு வரையில் ரயில் கிடைத்தது. 1990-இல் நின்று போன வடக்கு ரயில், இந்திய எஞ்சினியர்கள் புதிதாகப் போட்ட பாதையில், ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் கிளிநொச்சி வரையில் வந்திருந்தது. ரயில் வருகிற சமயத்தில் ஏற வேண்டியவர்களை விடப் பார்க்க வந்தவர்களே ஸ்டேஷனில் அதிகமாம். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அதற்கு முன் ரயிலையே பார்த்ததில்லை.

நாம் சென்னையில் அவருடன் சேர்ந்து கொண்டோம். செஞ்சிக் கோட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மலை தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். நண்பர் கை கூப்பவில்லை. மேகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

ரமணாசிரமத்து வாசல் செங்கம் சாலையில் இருக்கிறது. இன்று அந்தச் சாலையில் ஆட்டோக்களும் இளநீர் வண்டிகளும் வெள்ளைக்காரச் சாதகர்களும் நெருக்குகிறார்கள். 1767 செப்டம்பரில் இதே வழியில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் படையும் ஒன்றையொன்று துரத்தின. முதலில் செங்கத்தில் சண்டை. மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் சண்டை. இந்த மண்ணும் யுத்தபூமியாக இருந்ததுதான். உள்ளே நுழைந்தால் பிரம்மாண்டமான இலுப்பை மரம், கூரைமேல் மயில்கள். பழைய ஹாலில், பகவான் சுமார் இருபது ஆண்டுகள் அமர்ந்திருந்த சோபாவுக்கு எதிரில், எந்நேரமும் பத்துப் பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நண்பர் தினமும் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருவார். தியானமா என்று கேட்டோம். "இல்லை. ஒருவரும் என்னை எதற்கும் கையெழுத்துக் கேட்காத இடம்" என்றார்.

தீபாவளிக்கு முன்பே தெருப் பையன்கள் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் குலுங்கியது. பிறகு காரணம் சொன்னார். வன்னியில் தோண்டி எடுத்த மிதிவெடிகளைக் கூட்டி வைத்து வெடிக்கச் செய்வார்கள். அதற்கு முன் எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்து விடுவார்கள். "அங்கே சொல்லிவிட்டு வெடிக்கிறார்கள், இங்கே சொல்லாமல் வெடிக்கிறார்கள்!"

ஆனால் வெடியை விட மண்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. இதை நாம் மலைமேல் கண்டோம். ஆசிரமத்தின் பின் வாசலிலிருந்து கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஏறுகிறது. 1916 முதல் 1922 வரையில் பகவான் வாசம் செய்த இடம் கந்தாசிரமம். ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற இந்த மலைச் சரிவில், 1980-களின் கடைசியிலிருந்து அன்பர்கள் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, கோடைத் தீயோடு போராடி மரம் வளர்த்திருக்கிறார்கள். இருவரும் செருப்பில்லாமல் ஏறினோம். பாதியில், எதிரே இறங்கி வந்த கூட்டத்துக்கு வழி விட, நாம் பாதையை விட்டுப் புல்லில் இறங்கினோம். நண்பர் இறங்கவில்லை. கூட்டம் அவரை இடித்துக் கொண்டு போயிற்று. அவர் கல்லின்மேல் ஒற்றைக் காலில் நின்றாரே தவிர, புல்லில் கால் வைக்கவில்லை.

வன்னியில் சிவப்புக் குச்சி நட்டிருந்தால் அதற்கு அப்பால் மனிதன் போகக் கூடாது. குச்சி இல்லாத இடத்திலும் புதிதாக வந்தவன் மற்றவர்கள் நடந்த தடத்திலேயே நடக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அப்படி நடந்த கால்கள் அவை. விடுமுறை என்றால் என்ன என்று நாம் அன்று விளங்கிக் கொண்டோம். ஓய்வன்று, புல்லை மறுபடியும் புல்லாகப் பார்க்கப் பழகுவது. ஆறாம் நாள் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் பின்னால் போய் நண்பர் பத்தடி நடந்தார். எட்டாம் நாள் பாறைமேல் ஏறி, கீழே கோயிலின் கோபுரங்களைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தாயாரோ வேறு கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார். "ஏண்டா, இங்கே வீடு கட்ட ஆள் இல்லையா? கடல் தாண்டித்தான் கட்டணுமா?" என்று பரிமாறும்போதெல்லாம் கேட்பார். நமக்கு அப்போது பகவானின் அன்னையார் அழகம்மாள் நினைவுக்கு வந்தார். 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று நாள்தோறும் அழுதவர் அவர். மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில் காகிதத்தில் எழுதிக் காட்டினார். தாயார் மகன் இல்லாமலே திரும்பினார். 1916-இல் தாமே மகனிடம் வந்து தங்கி, 1922 மே 19-இல் அவர் கையிலேயே உயிர் நீத்தார். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. ஆனால் இதை நண்பருடைய தாயாரிடம் எடுத்துச் சொல்ல நமக்குத் தைரியம் வரவில்லை. பெற்ற வயிற்றுக்கு உதாரணம் எதற்கு?

யுத்தத்திலிருந்து இந்த மலையடிக்கு வந்தவர்களில் ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயரின் கதை விசேஷமானது. பாங்காக்கில் ஆசிரியராக இருந்த அவர் 1941-இல் ரஜாவில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். ரஜா முடிந்து தாம் மட்டும் திரும்பினார். மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கினார்கள். டிசம்பரில் ஜப்பானியர் சயாமுக்குள் புகுந்ததும் ஆஸ்பர்ன் சிறை முகாமுக்குப் போனார். அப்பாவைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கும்படி சிறுவன் ஆடம் பகவானிடமே விண்ணப்பித்தான், பகவான் தலையசைத்தார். 1945-இல் தகப்பனார் வந்து சேர்ந்தார். பிறகு பகவானின் சரித்திரத்தை உலகறிய எழுதியவர் அவரே. (அந்த ஆடம்தான் பிற்காலத்தில், 1981-இல், கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை விற்றுப் பிரசித்தி பெற்றார்.) ஆஸ்பர்னுக்கு அதன் பிறகு திரும்பிப் போக வேண்டிய முகாம் இல்லை. நமது நண்பருக்கு ரஜாக் கடிதத்தில் தேதி போட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் இரவு பெருமழை. நாம் விழித்தபோது நண்பர் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ எண்ணிக் கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தாயாரும் இருந்தார்.

"என்னப்பா எண்ணுறே?"

"ஓடு போடாத வீடு, அம்மா. பதினொண்ணு. இந்த மழை அங்கேயும் பெய்யும். அவங்க இன்னும் தார்பாய்க் கொட்டகையிலே இருக்காங்க."

தாயார் சற்று நேரம் மழையைப் பார்த்தார். "அந்தக் கிழவி வீடும் அதிலே சேர்த்தியா?"

"ஆமாம்."

"அப்ப எதுக்கு மூலையைச் சொல்லி அவளைத் தாமதம் பண்ணினே?" என்றார், கோபமாகவே. மறுநாள் காலையில் பட்சணப் பொட்டலம் இரண்டாகக் கட்டப்பட்டிருந்தது. ஒன்றில் விபூதியும் குங்குமமும் கூட வைத்திருந்தார்.

மார்கழியில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பதினொன்றில் எட்டு வீடுகளுக்கு ஓடு போட்டாயிற்று. கிழவி பால் காய்ச்சினாள். மூலை நேராக இருக்கிறது. கிணற்றடிக்கு அப்பால் மட்டும் சிவப்புக் குச்சிகள் இன்னும் நிற்கின்றன.