முன்னால் மனிதர், பின்னால் வெங்காயம்

ஒரு திங்கட்கிழமையன்றோ வெள்ளிக்கிழமையன்றோ நீங்கள் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சிறுவாச்சூர் வரும். அங்குள்ள மதுரகாளியம்மன் விசேஷ நாட்கள் நீங்கலாக வாரத்தில் இந்த இரண்டு நாட்கள்தான் தரிசனம் தருகிறாள். ஆகையால் அன்றைக்குச் சாலையில் வண்டிகளுக்குக் குறைவே இராது. அவற்றின் நடுவே, ஜனங்கள் செல்லமாகக் "குட்டி யானை" என்று அழைக்கும் சின்ன லோடு வண்டிகளையும் பார்ப்பீர்கள். பின்பக்கத் தொட்டியில் பாட்டி, பேரன், பொங்கல் பானை, விறகுக் கட்டு. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பெண்கள்.

பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். எதிரே மாடு வந்து டிரைவர் சட்டென்று பிரேக்கை மிதித்தால் இவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் வேடிக்கை போய்விடும். கோயிலுக்கு மட்டுமா? களை எடுக்க, பருத்தி எடுக்க, வெங்காயம் நட என்று தினந்தோறும் பெண்கள் இப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சிநேகிதி ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். (பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள்.) சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி, நடுத்தரமான விவசாயக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரு வண்டி வாங்குவதாக முடிவாயிற்று. வீட்டு ஆண்கள் லோடு வண்டி என்றார்கள். மாமியார் அம்மாள் கார் என்றார்கள். சிநேகிதி இரண்டும் சேர்ந்த வண்டி என்றாள்.

அப்படி ஒன்று இருக்கிறது. முன்னால் காரைப் போல நான்கு கதவு, இரண்டு வரிசை ஆசனம், ஐந்து பேர். பின்னால் திறந்த தொட்டி, சரக்கு. எல்லாரும் "டபுள் கேபின்" என்கிறார்கள். புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1957-லேயே "டிராவலெட்" என்ற பெயரில் இரட்டை ஆசன வரிசை வைத்த பிக்கப் வண்டியை விற்றது. நம் ஊரில் மின்சார வாரியத்துக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் இத்தகைய வண்டியில் போவதைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத்துக்கென்று இதை யோசிக்கிறவர்கள்தான் குறைவு.

சிநேகிதி கெட்டிக்காரி. கடைக்குப் போகுமுன் உறவினர் ஒருவரின் பழைய டபுள் கேபின் வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கினாள். அவள், மாமியார், கொழுந்தன், பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், நான் என்று ஐந்து பேர் கிளம்பினோம். வண்டி வாங்க நினைக்கும் யாருக்கும் இந்த யுக்தியைச் சிபாரிசு செய்வேன். கடைக்காரர் காட்டும் தார் ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

முதலில் பாடாலூர் வழியாகச் செட்டிகுளம். கையில் கரும்போடு முருகன் நிற்கும் குன்று அங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரமெல்லாம் சின்ன வெங்காயம். வழியில் வயல் ஓரங்களில் குச்சிகளை நட்டு, காற்றுப் புகும்படி நீளமாகக் கட்டி, மேலே ஓலை வேய்ந்திருக்கிறார்களே, அதுதான் வெங்காயப் பட்டறை. விலை ஏறும்வரை வெங்காயம் அதற்குள் தவம் இருக்கும். விலை ஏறின அன்றைக்கே மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். வண்டி அன்று மக்கர் செய்தால் வருஷத்து லாபமே போயிற்று. நம்பகமான வண்டி என்று விவசாயி சொல்வதன் அர்த்தம் இதுதான்.

சரி, எத்தனை மூட்டை ஏற்றலாம்? இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும், பாரத்தோடு கூடிய மொத்த எடையும் எழுதியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக் கூடியது. அதில் வெங்காயம் மட்டுமல்ல, நாமும் அடக்கம்! ஐந்து பேர் ஏறினால் முந்நூறு கிலோ போயிற்று. அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு. கொழுந்தன் இதைக் கேட்டதும் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பெரிய வண்டி அதிகம் சுமக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீஸல் என்ஜினும் 204 குதிரைச் சக்தியும் கொண்ட ராஜா. 2022-ல் இந்தியாவில் அறிமுகமானபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம் ரூபாய். ஆந்திரத்தில் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இஸுஸு வி-கிராஸ் 1.9 லிட்டர், 163 குதிரைச் சக்தி. இவை இரண்டும் சொகுசுக் காரின் உறவினர்கள். மஹிந்திரா பொலேரோ கேம்பரோ 2.5 லிட்டர் என்ஜினிலிருந்து ஏறக்குறைய 75 குதிரைச் சக்திதான் எடுக்கிறது. ஆனால் ஒரு டன் அளவில் பாரம் சுமக்கும், விலையும் ஹைலக்ஸின் அந்த விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். டாட்டா யோதாவிலும் இரட்டைக் கேபின் உண்டு, அது 2.2 லிட்டர், 100 குதிரைச் சக்தி. வெங்காயம் ஏற்றுகிறவருக்குக் குதிரைகள் அதிகம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். மாடுகள் போல நிதானமாக இழுத்தால் போதும்.

செட்டிகுளத்திலிருந்து திரும்பி நெடுஞ்சாலையைக் குறுக்காகத் தாண்டிக் காரைக்குப் போனோம். அங்கே மழைநீர் அரித்து அரித்து, செம்மையும் மஞ்சளுமாக ஆயிரம் மடிப்புள்ள மண்மேடுகள். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் இது கடலடி. அக்காலத்துக் கடற்பிராணிகளின் எச்சங்கள் இன்றும் மண்ணில் கிடக்கின்றன. பிக்கப் வண்டி விளம்பரங்களில் புழுதி பறக்க மேட்டிலிருந்து தாவுவார்களே, அதற்கென்றே செய்தது போன்ற இடம். கொழுந்தனுக்கும் கை துறுதுறுத்தது. மாமியார் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். நல்லதாயிற்று, சக்கரம் ஏறினால் பத்துக் கோடி வருஷம் நொறுங்கிவிடும். சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தையும் பார்த்தோம். பதினெட்டு மீட்டர் நீளம். புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகுக்கு அறிவித்தது. இப்போது தேசியப் புவியியல் சின்னமாகக் காப்பாற்றப்படுகிறது. பட்டறை அம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வண்டி விறகு ஆகியிருக்கும்!" என்றார்.

வண்டியின் சுபாவம் அந்தக் கிராமப் பாதையில்தான் தெரிந்தது. பாரம் சுமப்பதற்காகப் பின்பக்கம் இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூட்டை ஏறினால் பட்டை அமுங்கி வண்டி சாதுவாகப் போகும். தொட்டி காலியாக இருந்தாலோ ஒவ்வொரு பள்ளத்திலும் பின் ஸீட்டுக்காரர்கள் ஒரு சாண் எழும்பி உட்கார வேண்டியதுதான். கரிசல் மண் நனைந்திருந்தால் காலி வண்டியின் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுழலவும் செய்யும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் வருஷத்தில் பத்து நாள் சேற்றுக்காக முழு விலை கொடுப்பதா என்பதை அவரவர் வயல் பாதையைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

பின் ஸீட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் உட்காரப் போகிறவர்கள் நாம். முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர் இருப்பதால் சாய்மானம் செங்குத்தாக இருக்கும். தரையிலிருந்து ஏறும் உயரம் அதிகம். புடவையோடு ஏறுவது சர்க்கஸ் வித்தை. கடையில் ஐயா முன் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் மூத்த பெண்மணியைப் பின் ஸீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மிதிபலகை உண்டா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா, மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா, கண்ணாடி இறங்குகிறதா என்று பாருங்கள். இவற்றில் சில பிற்பாடு போட்டுக்கொள்ளலாம். பெல்ட்டை முதலிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அரியலூரை நெருங்கும்போது மரம் செடி எல்லாம் பவுடர் பூசிக்கொண்டதுபோல் வெளுத்திருந்தன. சுண்ணாம்புக்கல் பூமி. அரசாங்க சிமெண்ட் ஆலை 1979-ல் இங்கே வந்தது. தனியார் ஆலைகள் பல உண்டு. கல் ஏற்றின டிப்பர் லாரிகள் எழுப்பும் புழுதி நம் மூக்கில் ஏறுவது போலவே என்ஜினின் மூக்கிலும் ஏறும். இந்தப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே பார்க்க வேண்டும். டீஸலில் தண்ணீர் கலந்தால் பிரித்து வைக்கும் சின்னக் குடுவையையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி அமலில் இருக்கிறது. அதன்பின் வந்த டீஸல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கரித்துகளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்குமாகவே உருட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை சிறுவாச்சூர் போய் வந்தால் அம்மன் தரிசனமும் ஆயிற்று, வடிகட்டிக்கும் விமோசனம்! சர்வீஸ் உள்ளூரிலா, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டித் திருச்சியிலா என்பதையும் விசாரியுங்கள். உள்ளூர் மெக்கானிக்குக் கை பழகின என்ஜின் என்றால் பாதிக் கவலை விட்டது.

மத்தியான்னம் சாப்பிட்டுவிட்டு ஜயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கி.பி. 1025 வாக்கில் அமைத்த தலைநகர். கங்கை நீரைக் கொணர்ந்ததன் ஞாபகமாக அவன் வெட்டிய ஏரியின் கரை இன்றும் இருக்கிறது. அத்தனை தூரம் சுமந்து வந்தவர்களுக்கு எந்த ஆசனம் கிடைத்திருக்கும்!

கோயில் புல்வெளியில் உட்கார்ந்துதான் சிநேகிதி இன்ஷூரன்ஸ் பேச்சை எடுத்தாள். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ வந்தால் பாலிஸி அவர்களுக்குப் பொறுப்பு. இது 1994-ல் வந்த சட்டத் திருத்தம். சும்மா ஏறிக்கொண்டு வருகிறவர்களுக்கு நஷ்டஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2002 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதாவது தொட்டியில் நின்று வரும் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் அவள் குடும்பத்துக்குக் கம்பெனியிடமிருந்து பணம் வராமலே போகலாம். வண்டிக்காரர் சொத்தை விற்றுக் கொடுத்தால்தான் உண்டு. டபுள் கேபின் வாங்கினாலும், ஆர்.சி.யில் எத்தனை ஆசனம் என்று எழுதியிருக்கிறது, அத்தனை பேருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிஸியைப் பிரித்துப் படியுங்கள். ஆறாவது ஆள் தொட்டியில் ஏறினால் பழைய கதைதான்.

பட்டறை அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்க இருபது வருசமா நின்னுக்கிட்டேதானே தாயி போறோம்" என்றார்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, "இந்த வண்டியை நீ ஓட்டலாமா?" என்று கேட்டார். ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் உறுதி செய்திருக்கிறது. மஞ்சள் போர்டு என்றால் முதல் எட்டு வருஷத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருஷா வருஷமும் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பும்போது சிநேகிதிதான் ஓட்டினாள். கொழுந்தன் பின் ஸீட்டுக்கு வந்து குலுங்கிக்கொண்டே அதன் அருமையைத் தெரிந்துகொண்டார்.

இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் கேம்பருக்கே முன்பணம் கட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் ஒரு மிதிபலகையும், பின் கதவண்டை ஒரு கைப்பிடியும் கூடுதலாகப் பொருத்தித் தருவதாகப் பேச்சு. கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு, பட்டறை அம்மாளைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தாளாம்.