பற்றறிக்கு முதல் கடமை எது?



வானுக்குள் பாட்டுப் பெட்டி பூட்டுகிற விஷயத்தை ஆண்கள் கராஜில் நின்று கதைத்துக்கொள்ளட்டும், அதில் நமக்கென்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இதே பேச்சுத்தான். என் வாப்பாவின் குரலும், ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் இரவும் அதில் சம்பந்தப்பட்டிருந்தன.

நாங்கள் உடப்புக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கடற்கரையை ஒட்டிய தமிழ் மீனவர்களின் ஊர் உடப்பு. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும், திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் பெயர்போனது. என் கணவரின் கருவாட்டு வியாபாரம் அந்தக் கரையை நம்பித்தான் நடக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொயோட்டா டொல்பின் வான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறந்துவிட்ட பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருப்பதைத்தான் பேணிக் காக்கிறோம். பகலில் அது கருவாட்டு வண்டி. இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் ஆஸ்பத்திரி வண்டியும் அதுதான். (வாசனையைப் பற்றி இதுவரை எந்த நோயாளியும் குறை சொல்லவில்லை!)

வாப்பா 1980களில் சவூதியில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் கசெட் கடிதங்கள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிற மனைவிமாருக்காக, சபுராளிகள் கசெட்டில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு உம்மா தனியாக ஒரு தடவை கேட்பார். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. உம்மாவின் அலுமாரியில் ஏழு கசெட்டுகள் மிஞ்சியிருந்தன. பூஞ்சணம் பிடித்த நாடாக்கள். மகன் அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் பதிந்தான். ஐந்தாவது நாடா பதிந்து முடிந்த கையோடு அறுந்தே போனது.

உம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியெல்லாம் அவர் அந்தக் குரலைக் கேட்க ஆசைப்பட்டார். வானில் இருந்த பழைய கசெட் ரேடியோ எப்போதோ செத்துவிட்டது. மகன் ‘ராஸ்பெரி பை’ என்ற உள்ளங்கையளவு கணினிப் பலகையை வாங்கி, ஒரு சின்ன அம்ப்ளிபையரையும் சேர்த்து, மரப் பெட்டிக்குள் வைத்தான். ஒரே ஒரு குமிழ். திருகினால் சத்தம், அழுத்தினால் அடுத்த பதிவு.

“தொலைபேசியில் போட்டால் போதாதா?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தொலைபேசி மகனோடு போய்விடும். உம்மாவுக்கு அதன் கண்ணாடியைத் தடவிப் பழக்கமில்லை. வாப்பா பேசிக்கொண்டிருக்கும்போது கருவாட்டு விலை கேட்டு யாராவது அழைத்தால் குரல் நடுவில் நின்றுவிடும்.

இப்படிச் செய்தவர்களில் என் மகன் முதல் ஆளல்ல. 1998இலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹியூகோ ஃபியென்ஸ் என்ற பொறியியலாளர் தம் காருக்குள் கணினியை வைத்துப் பாட்டுக் கேட்டார். அதிலிருந்து ‘எம்பெக்’ என்ற கார்ப் பெட்டி பிறந்து, 1999இல் விற்பனைக்கு வந்தது. 2001இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. ராஸ்பெரி பை 2012இல் வெளிவந்ததும் அதே கேம்பிரிட்ஜிலிருந்துதான். பாட்டை ஓடவிடுவது அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தையல்ல. வண்டியின் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி கொடுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

வீட்டுச் சுவரில் வருவது ஓரளவு ஒழுங்கான மின்சாரம். வண்டியில் வருவது அப்படியல்ல. நல்ல பற்றறி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கும் சற்று மேலே போகும். ஸ்டார்ட் பண்ணுகிற அந்தக் கணத்தில் 10க்கும் கீழே விழும். கணினிப் பலகைக்கோ 5 வோல்ட்தான் வேண்டும், அதுவும் ஆடாமல் அசையாமல். 4.63க்குக் கீழே இறங்கினாலே அது மின்சாரம் போதவில்லை என்று முறையிடத் தொடங்கிவிடும். சந்தியில் வாங்கிய மலிவுச் சார்ஜரை சிகரெட் லைட்டர் குழியில் செருகினோம். தொலைபேசிக்குப் போதுமான அந்தச் சார்ஜர் இதற்குப் போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. வானின் திறப்பை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் அந்தக் குழிக்கு மின்சாரம் வரும். ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது, எல்லா வலுவையும் எஞ்சினுக்குக் கொடுப்பதற்காக, பெரும்பாலான வண்டிகளில் குழிக்குப் போகிற மின்சாரம் ஒரு கணம் நின்றுவிடும். திறப்பை எடுத்தால் சட்டென்று அணையும். ரேடியோவுக்கு அது பொருட்டல்ல. கணினி அப்படியல்ல, சகோதரிகளே. அது கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் எழுதியது பாதி, எழுதாதது பாதியாகக் கணக்கே குழம்பிவிடும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. மூன்றாம் வாரம் பெட்டி பேசவில்லை. மகன் இரவிரவாக உட்கார்ந்து கார்டிலிருந்து ஆறு பதிவுகளை மீட்டான். ஐந்தாவது பதிவு மட்டும் வரவில்லை. அவன் பழைய கணினியிலும் அது இருக்கவில்லை. நாடா அறுந்துபோன அதே பதிவு.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. “ஆறு இருக்குத்தானே மகன்” என்றார்.

பிறகு ஒரு கடைக்காரர், மின்சாரம் நிற்காமல் இருக்கப் பற்றறியிலிருந்து நேரே வயர் இழுத்துக் கொடுத்தார். பெட்டி அழகாகப் பேசியது. ஆனால் அது அணையவே இல்லை! கணக்கைக் கேளுங்கள்: சத்தமில்லாமல் சும்மா இருந்தாலும் அம்ப்ளிபையரோடு சேர்த்து 0.3 ஆம்பியர் போகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கும் மேல். எங்கள் பற்றறி 70 ஆம்பியர்-மணி. வண்டிப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஐந்தே நாளில் அந்தப் பாதி வந்துவிடும். பழைய பற்றறியென்றால் அதற்கும் முன்னால். மழையில் வான் நாலு நாள் நின்றது. ஐந்தாம் இரவு உடப்பிலிருந்து ஒரு தங்கச்சிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒரு சத்தம் மட்டுந்தான். வந்தவர்களும் அயலவர்களும் சேர்ந்து, மணலில் கால் புதையப் புதைய, வானைத் தள்ளித்தான் எஞ்சின் பிடித்தது. சிலாபம் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள், அந்தத் தங்கச்சியின் மாமனார், படகோட்டி, மீன் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். படகில் வெளிச்சத்துக்கும் ஜீபீஎஸ் கருவிக்கும் பற்றறியை நம்பியிருப்பவர் அவர். “தங்கச்சி, பற்றறியின் முதல் வேலை எஞ்சினை எழுப்புறது. மற்றதெல்லாம் அது போக மிஞ்சினதில்தான்” என்றார். அதைக் கேட்டபோது, மின்சாரம் எட்டாத ஊர்களில் 1990களில் லட்சக்கணக்கான வீடுகள் கார்ப் பற்றறியில் தொலைக்காட்சி பார்த்ததும், சைக்கிள் கரியரில் பற்றறியைக் கட்டிச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோனதும் நினைவுக்கு வந்தன. நாடகம் முடிவதற்குள் படம் சுருங்கினால் அன்றைய பெண்களுக்குத் தெரியும், பற்றறி இறங்கிவிட்டதென்று.

மகன் இப்போது செய்திருப்பது இதுதான். பற்றறியிலிருந்து வரும் வயரில், பற்றறிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். வயர் எங்காவது உரசி வானின் இரும்பில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான், அதைத் தவறவிடவே கூடாது. பிறகு 12ஐ 5 ஆக இறக்கும் சின்னக் கன்வேர்ட்டர், 3 ஆம்பியர் தாங்கக்கூடியது. திறப்பிலிருந்து தனியாக ஒரு வயர் வருகிறது. அது பெட்டிக்குச் செய்தி மட்டுமே சொல்லும். திறப்பை எடுத்தால் கணினி ‘அணையப் போகிறோம்’ என்று அறிந்து, தன் கணக்கை முடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் கழித்து ரிலே ஒன்று பற்றறியிலிருந்தே முழுவதுமாகத் துண்டித்துவிடும். கார்டையும் வாசிக்க மட்டும் விட்டு, எழுத முடியாதபடி பூட்டிவைத்திருக்கிறான். எஞ்சினோடு சேர்ந்து ஸ்பீக்கர் ஊளையிட்டது. கணினியையும் அம்ப்ளிபையரையும் ஒரே இடத்தில் பூமி வயரோடு இணைத்ததும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது.

எனக்கும் ஒரு வேலை தந்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் பற்றறி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். பற்றறியிலிருந்து வயர்களைக் கழற்றியபின், ஒரு கரண்டி அப்பச் சோடாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். துடைத்துக் காயவிட்டு, திரும்பப் பூட்டியதும் மேலே வாஸ்லின் பூசுகிறேன். சோடா நீர் பற்றறிக்குள் இறங்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கழற்றுவது மைனஸ் வயர், கடைசியில் பூட்டுவதும் அதே.

பதிவுகளை மூன்று கார்டுகளில் பிரதி எடுத்தாயிற்று. ஒன்று வானில், ஒன்று உம்மாவின் அலுமாரியில் அந்தக் கசெட்டுகளோடு, மற்றது புத்தளத்தில் என் தங்கச்சி வீட்டில். அறுந்த நாடாவை ஒட்டித் தரும் ஒருவர் கொழும்பில் இருப்பதாகக் கேள்வி. வருகிற மாதம் மகன் கருவாடு ஏற்றிப் போகும்போது அதையும் கொண்டுபோகிறான்.